நூல் இழுத்துத் திறக்கும் கதவு

கண்ணை மூடிக்கொண்டு, மூடிய கண்ணை மூக்குப் பக்கமாகத் திருப்புங்கள். இமையின் வெளி ஓரத்தில் விரல் நுனியால் லேசாக, மிக லேசாக அழுத்துங்கள். (கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) மூக்கை ஒட்டி ஒரு மங்கலான வட்டம் தெரியும். கண்ணுக்குள் வெளிச்சம் ஏதும் போகவில்லை, போனது விரலின் அழுத்தம் மட்டும்தான். ஆனாலும் நாம் உணர்வது வெளிச்சம்.

1830களில் யோஹன்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இந்த மாதிரி விஷயங்களை வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்: நரம்பைத் தூண்டியது எது என்று மூளைக்குத் தெரியாது, எந்த நரம்பு தூண்டப்பட்டது என்பதே தெரியும். கண் நரம்பு துடித்தால் வெளிச்சம், காது நரம்பு துடித்தால் சத்தம். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1926இல் எட்கர் ஏட்ரியன் ஒற்றை நரம்பிழையில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்து இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். துடிப்புகள் எல்லாம் ஒரே அளவு. தூண்டல் பலமாக இருந்தால் துடிப்பு பெரிதாவதில்லை, அடுக்கடுக்காக வேகமாக வருகிறது. இதற்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கம்பியில் ஓடும் சரக்கு எல்லாப் புலன்களுக்கும் ஒன்றே. வித்தை முழுவதும் கம்பி தொடங்கும் இடத்தில் இருக்கிறது: ஒளியோ, ஒலியோ, மிளகாய்க் காரமோ முதன்முதலில் மின்சாரமாக மாறுகிற அந்த ஒரு செல்லில். அந்த மாற்றத்தை ஒவ்வொரு புலனும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. அவற்றில் ஆகப் பழமையான தொழில்நுட்பம் போலத் தோன்றுவதும், ஆக வேகமானதும் காதினுடையதுதான். நூலைக் கட்டிக் கதவை இழுப்பது, அவ்வளவே.

முதலில் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். விழித்திரையில் ஒளி விழுந்ததும் ரொடாப்சின் என்ற புரதம் வடிவம் மாறுகிறது. அது இன்னொரு புரதத்தை எழுப்ப, அது ஒரு நொதியை எழுப்ப, அந்த நொதி செல்லுக்குள் இருக்கும் ஒரு வேதிப்பொருளைச் சிதைக்க, அதன்பிறகுதான் செல் சவ்வில் உள்ள அயனிக் கதவுகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள் போய்வரும் துளைகள்) மூடுகின்றன. ஆம், மூடுகின்றன. இருட்டில்தான் அவை திறந்திருக்கும். கைமாறிக் கைமாறிப் போகும் இந்த வேலைக்குப் பல பத்து மில்லிவிநாடிகள் ஆகும், மங்கிய ஒளியில் நூறையும் தாண்டும். சினிமாவின் பிழைப்பே இந்த மந்தத்தை நம்பித்தான் ஓடுகிறது. விநாடிக்கு 24 படங்களை, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை மின்னவிட்டுக் காட்டினால் கண் ஏமாந்து அசைவு என்கிறது. விநாடிக்கு 24 தட்டல்களைக் காதிடம் கொடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு தட்டலையும் தனித்தனியாகச் சொல்லும்.

காதின் வேகம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. வலப்பக்கத்திலிருந்து வரும் சத்தம் வலது காதை அடைந்த பிறகு இடது காதை அடைய அதிகபட்சம் 600, 700 மைக்ரோவிநாடி எடுக்கும். அதாவது ஒரு மில்லிவிநாடிகூட இல்லை. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சத்தம் வந்த திசையைச் சொல்கிறோம். நல்ல காதுள்ளவர்கள் 10 மைக்ரோவிநாடி அளவு வித்தியாசத்தைக்கூடப் பிரித்துணர்கிறார்கள். வேதிப்பொருள்கள் கைமாறும் முறையில் இது நடக்கவே நடக்காது.

சத்தம் என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். மனிதக் காதுக்குக் கேட்கும் ஆக மெல்லிய சத்தத்தை, பூஜ்யம் டெசிபெல் என்று வைத்திருக்கும் அந்த அளவை, அழுத்தத்தில் சொன்னால் 20 மைக்ரோபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் ஒரு லட்சம் பாஸ்கல். வகுத்துப் பார்த்தால் 500 கோடியில் ஒரு பங்கு! அந்த அளவில் செவிப்பறை அசையும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. காது இதைவிடக் கூர்மையாக இருந்தால் காற்று மூலக்கூறுகள் தாமாக மோதிக்கொள்ளும் இரைச்சலே கேட்கத் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு பொறியியல் சிக்கல் வருகிறது. சத்தம் வருவது காற்றில், உணரும் செல்கள் இருப்பது நீரில். கிணற்றில் முங்கிக் கிடக்கும்போது மேலே நின்று கூப்பிடுவது கேட்காது, ஏனென்றால் காற்றில் வரும் ஒலியாற்றலில் சுமார் 99.9 சதவீதம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். செவிப்பறையின் வேலை செய்யும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர், அங்கவடியின் அடித்தட்டு 3.2 சதுர மில்லிமீட்டர். அகன்ற பரப்பில் வாங்கிய விசையைக் குறுகிய பரப்பில் இறக்கினால் அழுத்தம் 17 மடங்கு கூடும். எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு இன்னொரு 1.3 மடங்கைத் தரும். மொத்தம் சுமார் 22 மடங்கு. போன சத்தத்தில் பெரும்பகுதி இப்படித் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இதுவரை வரும் கோளாறுகள் எல்லாம் தச்சு வேலைக் கோளாறுகள். குறும்பி அடைப்பது, சளி பிடித்து, நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் அடைபட்டு நடுக்காதில் நீர் கோப்பது, செவிப்பறையில் ஓட்டை விழுவது, அங்கவடி எலும்பு புது எலும்பு வளர்ந்து அசையாமல் இறுகிப்போவது. எல்லாவற்றுக்கும் ஓரளவு நல்ல தீர்வு உண்டு. கோளாறு இந்த வகையா என்று அறிய 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று இருந்தால் போதும். அதைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தும், காது வாசலுக்கு முன்னால் பிடித்தும் எதில் சத்தம் அதிகம் என்று கேட்பார்கள். எலும்பில்தான் அதிகம் என்றால் கோளாறு பெரும்பாலும் வழியில்தான் இருக்கிறது, உள்ளே செல்கள் நன்றாக இருக்கின்றன என்று ஓரளவு நிம்மதி அடையலாம்.

அங்கவடி தள்ளுவது உட்காதில் இருக்கும் காக்ளியாவின் சன்னலை. நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட அதை நீட்டி வைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர். உள்ளே நீளவாக்கில் ஒரு சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கம் குறுகலாகவும் விறைப்பாகவும், உள்முனையில் அகலமாகவும் தளர்வாகவும் இருக்கும். கீச்சென்ற சத்தம் வாசலருகே அந்தச் சவ்வை அதிகம் ஆட்டும், தடித்த சத்தம் உள்ளே போய் ஆட்டும். பிணங்களின் காதைத் திறந்து, சவ்வின்மேல் வெள்ளித் துகளைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் விளக்கில் இதைக் கண்ணால் பார்த்தவர் கியோர்க் ஃபான் பெகேஷி. 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இறந்த காதில் பார்த்ததால் அவர் ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தச் சவ்வின்மேல் நான்கு வரிசையில் மயிரிழைச் செல்கள் நிற்கின்றன. ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளியே மூன்று வரிசைகளில் சுமார் 12,000. கண்ணில் ஒளியுணர் செல்கள் பத்துக் கோடிக்கு மேல். காதுக்குக் கிடைத்தது மொத்தம் பதினைந்தாயிரத்துச் சொச்சம். பிறக்கும்போது கொடுத்ததுதான், அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது.

ஒவ்வொரு செல்லின் தலையிலும் விறைப்பான நுண்ணிழைகள், படிக்கட்டு மாதிரி உயர வரிசையில் நிற்கும். குட்டை இழையின் உச்சியிலிருந்து அடுத்த உயர இழையின் பக்கவாட்டுக்கு ஒரு நூல் கட்டியிருக்கிறது. தடிமன் சுமார் 10 நானோமீட்டர், தலைமுடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984இல்தான் இந்த நூலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாக அடையாளம் கண்டார்கள். காட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு புரதங்கள் முறுக்கிக்கொண்டு அதை ஆக்கியிருக்கின்றன. நூலின் கீழ்முனையில்தான் அயனிக் கதவு இருக்கிறது. சவ்வு ஆடும்போது இழைக்கட்டு உயர்ந்த பக்கமாகச் சாய்ந்தால் நூல் இறுகிக் கதவு திறக்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நூல் தளர்ந்து மூடும். நடுவில் எந்த வேதிவினையும் இல்லை. தவளைக் காதின் இழைக்கட்டை நுண்ணிய கண்ணாடி ஊசியால் அசைத்து மின்மாற்றத்தை அளந்து காட்டிய ஜேம்ஸ் ஹட்ஸ்பெத்தும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தக் கதவு சில பத்து மைக்ரோவிநாடிகளில் திறந்துவிடுகிறது என்று நிறுவினார்கள். மெல்லிய சத்தத்துக்கு இழைக்கட்டு அசையும் தூரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு.

கதவு திறந்தால் ஏதாவது பாய்ந்து வர வேண்டும் அல்லவா. உடம்பில் மற்ற இடங்களில் செல்லுக்கு வெளியே சோடியம், உள்ளே பொட்டாசியம். இழைகள் நனைந்திருக்கும் எண்டோலிம்ஃப் என்ற திரவம் மட்டும் இந்த விதிக்கு நேர்மாறு. பொட்டாசியம் நிறைந்தது, போதாததற்குச் சுமார் 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தமும் ஏற்றி வைத்திருக்கிறது. செல்லின் உள்ளே எதிர்மின்னழுத்தம். இரண்டையும் சேர்த்தால் கதவுக்கு இருபுறமும் கிட்டத்தட்ட 130, 140 மில்லிவோல்ட். மேல்நிலைத் தொட்டியில் நீரை ஏற்றி வைத்திருப்பது போல. குழாயைத் திறந்தால் போதும், மோட்டார் போடத் தேவையில்லை. மோட்டார் ஓடுவது வேறோர் இடத்தில், காக்ளியாவின் பக்கச் சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு பட்டையில்.

இந்த ஏற்பாட்டால் ஒரு நன்மை, ஒரு சங்கடம். நன்மை, இரத்தக் குழாய்கள் செல்லுக்கு அருகில் வராததால் நம் நாடித்துடிப்பே நமக்கு இரைச்சலாகக் கேட்பதில்லை. சங்கடம், அந்த மோட்டார் நின்றால் செல் நன்றாக இருந்தும் காது கேட்காது. நீர் வெளியேற்றக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு மருந்தை இரத்தக் குழாய் வழியாக வேகமாக ஏற்றினால் சிலருக்குச் சற்று நேரம் காது மந்தமாவது இதனால்தான்.

பொட்டாசியம் உள்ளே வந்ததும் செல்லின் மின்னழுத்தம் மாறும், அடியில் கால்சியம் கதவுகள் திறக்கும், குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் கொட்டப்படும். மூளை நோக்கிச் செய்தி கொண்டுபோவது உள்வரிசைச் செல்கள்தான். காது நரம்பில் உள்ள சுமார் 30,000 இழைகளில் 95 சதவீதம் அவற்றோடுதான் இணைந்திருக்கின்றன, ஒரு செல்லுக்குச் சராசரியாக எட்டு.

எந்த இடத்து இழை துடிக்கிறது என்பதை வைத்து மூளை சுருதியை அறிகிறது. இன்னொரு வழியும் உண்டு. ஒலியலையின் ஒவ்வொரு ஏற்றத்தோடும் தாளம் தப்பாமல் துடிப்புகள் விழுகின்றன. ஒரு நரம்பிழையால் விநாடிக்குச் சில நூறு முறைதான் துடிக்க முடியும் என்றாலும், களைத்தவர் விட்ட இடத்தை அடுத்தவர் எடுக்கும் நாற்று நடவு மாதிரி, பல இழைகள் முறைபோட்டுக்கொண்டு சுமார் 4,000 ஹெர்ட்ஸ் வரை இந்தத் தாளத்தைக் காப்பாற்றுகின்றன. மருத்துவமனையில் 'பெரா' என்று எடுக்கும் சோதனை இந்தப் பயணத்தைத்தான் அளக்கிறது. தலையில் மின்முனை ஒட்டி, காதில் க்ளிக் சத்தம் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். க்ளிக் விழுந்து சுமார் ஒன்றரை மில்லிவிநாடியில் காது நரம்பின் முதல் அலை வரும், ஐந்தரை, ஆறு மில்லிவிநாடிக்குள் மூளைத்தண்டின் மேற்பகுதியிலிருந்து ஐந்தாவது அலை. கண்ணில் வேதிவினை பாதி தூரம் போவதற்குள் காது வேலையை முடித்துவிட்டது.

சரி, பெகேஷி தவறவிட்டது. வெளிவரிசைச் செல்கள் 12,000 இருக்கின்றன, ஆனால் மூளைக்கு அவை அனுப்பும் செய்தி சொற்பம். பின்னே எதற்கு? அவை ஆடுகின்றன. மின்னழுத்தம் மாறும்போது செல்லே நீண்டு சுருங்குகிறது. பிரெஸ்டின் என்ற புரதம் இதைச் செய்கிறது என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவது போல, சவ்வின் ஆட்டத்தோடு தாமும் ஆடி அதைப் பெருக்குகின்றன. மெல்லிய சத்தத்துக்கு 40 டெசிபெலுக்கு மேல் பெருக்கம், பலத்த சத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உயிருள்ள செல் மட்டுமே செய்யும் வேலை இது, பிணத்தில் பார்க்க முடியாது. இந்த ஆட்டத்தின் எதிரொலி காதுக்கு வெளியேயும் கசிகிறது. 1978இல் டேவிட் கெம்ப் அதை ஒலிவாங்கி வைத்துப் பிடித்தார். பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் 'ஓ.ஏ.இ.' சோதனை அதுதான். குழந்தை தூங்கினாலும் காது பதில் சொல்லும்.

வயதானவர்கள் வீட்டில் அன்றாடம் நடக்கும் சண்டை ஒன்றின் வேர் இங்கே இருக்கிறது. “கொஞ்சம் சத்தமாப் பேசேன்” என்பார். சத்தமாகப் பேசினால் “எதுக்குக் கத்துற?” என்பார். வீம்பு இல்லை இது. வெளிவரிசைச் செல்கள் போய்விட்டால் மெல்லிய சத்தத்துக்கான பெருக்கம் போய்விடும், பலத்த சத்தம் மட்டும் முன்பு போலவே பலமாகக் கேட்கும். இடையில் வசதியாகக் கேட்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதோடு, தேய்மானம் வாசல் பக்கத்திலிருந்து, அதாவது கீச்சு ஒலிகளிலிருந்து தொடங்கும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அலைவெண்ணில் பலமாக இருக்கும், ச, ஸ, ஷ போன்றவை உயர்ந்த அலைவெண்ணில் மெலிந்திருக்கும். அதனால்தான் “கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்கிறார்கள். கத்துவதால் உயிரொலிதான் பெருக்கும். முகத்தைப் பார்த்து, மின்விசிறியோ டிவியோ அலறாத இடத்தில், நிறுத்திப் பேசுவதே பயன் தரும். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவுக் கருவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். காதின் ஆடியோகிராமுக்கேற்ப (எந்த அலைவெண் எவ்வளவு கேட்கிறது என்று அளந்த வரைபடம்), மெல்லியதைக் கூட்டி பலத்ததைக் கூட்டாமல் அமைத்த கருவிதான் வேண்டும்.

சத்தம் இந்தச் செல்களைக் கொல்லும் விதமும் இயந்திரத்தனமானதுதான். அளவு மீறினால் நூல் அறும், இழைகள் ஒடியும் அல்லது சாய்ந்து ஒட்டிக்கொள்ளும், செல் களைத்து விஷமேறிச் சாகும். அறுந்த நூல் மட்டும் ஓரிரு நாளில் மீண்டும் பின்னிக்கொள்ளும். ஒடிந்த இழைக்கட்டும் செத்த செல்லும் திரும்பாது. 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது பல நாடுகளில் பரிந்துரைக்கப்படும் பாதுகாப்பு வரம்பு. 3 டெசிபெல் கூடினால் ஆற்றல் இரட்டிப்பு, எனவே நேரம் பாதி. 88க்கு 4 மணி, 94க்கு ஒரு மணி, 100க்கு 15 நிமிடம். திருவிழாவில் அடுக்கிய பாக்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைச் சுலபமாகத் தாண்டுகிறார்கள். மீட்டர் இல்லையென்றால் ஒரு கைநீட்டுத் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் 85ஐ எட்டிவிட்டது. பட்டாசு வேறு கணக்கு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்சம் 145 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. அதையே கையில் வைத்து எறிபவருக்கு 4 மீட்டர் எங்கே கிடைக்கும்? பலத்த சத்தம் வந்தால் அங்கவடியை இழுத்துப் பிடிக்க நடுக்காதில் ஒரு குட்டித் தசை இருக்கிறது, ஆனால் அது விழித்துக்கொள்ளப் பல பத்து மில்லிவிநாடி ஆகும். வெடி அதற்குள் முடிந்திருக்கும்.

காதில் பஞ்சு வைப்பது மனத்திருப்திக்கு. நுரை அடைப்பான் வாங்கினால், இரு விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, விரிந்து அடையும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலில் செருகிவிட்டு “வேலை செய்யல” என்பவர்கள்தான் அதிகம்.

மருந்துகளும் இதே கதவால் நுழைகின்றன. ஜென்டமைசின், அமிக்காசின் வகை ஊசிகள் இழை உச்சியில் உள்ள அந்த அயனிக் கதவு வழியாகவே செல்லுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. உயிர் காக்கும் மருந்துகள் என்பதால் தவிர்க்கச் சொல்ல முடியாது, ஆனால் ஊசி போட்ட நாள்களில் காதில் ரீங்காரமோ தள்ளாட்டமோ தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃப்யூரோசமைடோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். திடீரென ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் கேட்காமல் போவதும் அவசர நிலைதான். ‘சளியாக இருக்கும்’ என்று சொட்டு மருந்து விட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு சிகிச்சைக்கான காலம் கடந்துவிடுகிறது.

கோழிக்குஞ்சுக்கு மயிரிழைச் செல் செத்தால் புதிதாக முளைக்கும், 1980களின் பிற்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. பாலூட்டிகளின் காக்ளியாவில் முளைப்பதில்லை. அதனால் இப்போதைக்கு உள்ள வழி கதவையே விட்டுவிட்டு நரம்பை நேராகத் தொடுவது. காக்ளியர் இம்ப்ளான்ட் 12 முதல் 22 மின்முனைகள் கொண்ட கம்பியைக் காக்ளியாவுக்குள் செருகுகிறது. வாசல் பக்க மின்முனை கீச்சு, உள்ளே உள்ளது தடிப்பு. 3,500 செல்லின் வேலையை இருபத்தைந்துக்கும் குறைந்த மின்முனைகள் செய்கின்றன என்பதால் பேச்சு புரியும், இசை சுமார்தான். முல்லர் சொன்னது சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்: வெறும் மின்சாரம், மூளைக்குச் சத்தம். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு இரண்டு, மூன்று வயதுக்குள் வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்கும்.

நம் ஊரில் சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் வழக்கம் இருப்பதால் பிறவிக் காது கேளாமையை இன்னும் கவனமாகத் தேட வேண்டியிருக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் வகைகள் பல. அவற்றில் ஒன்று சோதனையையே ஏமாற்றும். ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாத குழந்தைக்கு நூல், கதவு, பொட்டாசியம், வெளிவரிசைச் செல்லின் ஆட்டம் எல்லாம் சரியாக இருக்கும். குளூட்டமேட்டைக் கொட்டும் கடைசிப் படி மட்டும் நடக்காது. ஓ.ஏ.இ. மட்டும் எடுத்தால் ‘பாஸ்’ என்று வரும், குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. பெரா எடுத்தால்தான் தட்டையான கோடு காட்டிக்கொடுக்கும். இந்த வகைக்குத்தான் மரபணு சிகிச்சை முதலில் பலித்தது. ஷாங்காயில் ஆறு குழந்தைகளின் காதுக்குள் வைரஸ் வழியாக நல்ல மரபணுவைச் செலுத்தியதில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு ஒரு வைரஸுக்குள் அடங்காத அளவு பெரிது. இரண்டு துண்டாக வெட்டி இரண்டு வைரஸ்களில் அனுப்பி, செல்லுக்குள் ஒட்டிக்கொள்ளவிட்டார்கள். செல்கள் உயிரோடு காத்திருந்ததால்தான் அது முடிந்தது.